முடி சூடிய முத்திரை: ஒரு குடும்பக் கைத்துப்பாக்கியின் பாடபேதங்கள்

நம் இலக்கிய வட்டம் தோன்றிப் பத்தாண்டுகள் நிறைவுறுகின்றன. இந்நிறைவு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என அன்பர்கள் பணித்தபோது, பல்லவர் கலை குறித்தோ தொண்டை நாட்டுப் புலவர் மரபு குறித்தோ நான் எழுதக்கூடும் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின், சென்ற ஆண்டு என் தாய்மாமன் மறைந்தபின் எங்கள் கைக்கு வந்த உள்ளங்கையளவு இரும்புப் பொருள் ஒன்று என் எண்ணத்தை மாற்றியது. அது ஒரு பழைய சுழல் துப்பாக்கி. சுவடிகளையும் பாடபேதங்களையும் கற்பித்து வரும் எனக்கு, அச்சிறு கருவி கற்பித்த பாடத்தை வட்டத்து அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

கதை

திருக்கழுக்குன்றத்திற்கும் மாமல்லபுரக் கடற்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்று என் தாயார் பிறந்த ஊர். தாயாரின் குடும்பம் பல தலைமுறைகளாக நிலம் உடைய மிராசுக் குடும்பம். அவ்வீட்டின் தேக்குப் பெட்டியில் அத்துப்பாக்கி இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஆயுத பூசையன்று மட்டும் அது வெளியே வரும். சந்தனமும் குங்குமமும் இட்டு, கணக்கேடுகளுக்கும் பிள்ளைகளின் பாடநூல்களுக்கும் அருகே அதனை வைப்பர். நான் முதன்முதலில் பூசைக்கு வைத்த தமிழ்ப் பாடநூல் அதன் பக்கத்திலேயே இருந்தது.

அன்று மாலை தவறாமல் ஒரு கதை சொல்லப்படும். தாது வருடப் பஞ்சத்தின்போது கடற்கரையை ஒட்டிக் கால்வாய் வேலை நடந்தது. வேலைக்கு வந்தோர் பசியால் வீழ்ந்தனர். என் தாயாரின் பூட்டனார் தம் நெற்குதிரைத் திறந்து, அவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அதனைக் கண்டு மனம் நெகிழ்ந்த வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர், ஊர் திரும்பும் நாளில் தம் இடையிலிருந்த துப்பாக்கியை அவிழ்த்து அவருக்குப் பரிசளித்தார். இதுவே கதை. என் தாயார் இதனைச் சொல்லும்போது, ‘கஞ்சி’ என்னும் சொல்லில் அவர் குரல் தழுதழுக்கும்.

கதையின் பின்புலம் முழுதும் மெய்யானது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சமே, தாது வருடத்தில் தொடங்கியமையால் தாது வருடப் பஞ்சம் எனப்பட்டது. நிவாரண வேலைகளில் உழைத்தோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்த கூலி இன்றளவும் கண்டிக்கப்படுகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்பஞ்ச காலத்தில்தான் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் பெயரே கடலோரக் கால்வாய் முழுமைக்கும் வழங்கலாயிற்று. மாமல்லபுரத்திற்கு மேற்கே இன்றும் அக்கால்வாயைக் காணலாம். ஆகவே கதையில் வரும் பஞ்சமும் கால்வாயும் ஐயத்திற்கு இடமில்லாதவை. ஐயம் எஞ்சியது துப்பாக்கியைப் பற்றி மட்டுமே. அந்த ஐயமும் அன்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

சட்டம்

மாமன் பெயரில் உரிமம் இருந்தது. உரிமம் பெற்றவர் மறைந்தால், வீட்டார் அப்படைக்கலத்தைக் காலந்தாழ்த்தாது காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அவ்வாறு ஒப்படைக்க மாமன் மகனுடன் நானும் சென்றேன். வாரிசு என்ற முறையில் புதிய உரிமம் கோருவதா, கைவிடுவதா என்பதைப் பின்னர் முடிவு செய்யலாம் என்பது எங்கள் எண்ணம். தாயாருக்கோ அதில் இரண்டாம் எண்ணமே இல்லை. “பூட்டன் புண்ணியத்துக்கு வந்த பொருள், வீட்டை விட்டுப் போகக் கூடாது” என்று சொல்லி அனுப்பினார்.

உரிமம் என்னும் கட்டும் அதே பஞ்ச காலத்துப் படைப்பு என்பது ஈண்டு நினையத்தக்கது. லிட்டன் பிரபு ஆட்சியில் 1878ஆம் ஆண்டு படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெற வேண்டும். ஐரோப்பியருக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அதே ஆண்டில் இந்திய மொழி இதழ்களை அடக்கவும் அதே ஆட்சி ஒரு சட்டம் செய்தது. கருவிக்கும் எழுத்துக்கும் ஒரே ஆண்டில் பூட்டு விழுந்ததைக் கவிஞர் பெருமக்கள் கருதிப் பார்க்கலாம். 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசில் பிபின் சந்திர பால் இப்படைக்கலச் சட்டத்தை எதிர்த்து முழங்கினார். ஆகவே அக்காலத்தில் ஓர் இந்தியர் வீட்டில் துப்பாக்கி இருந்தது எனில், அவர் அரசின் நம்பிக்கைக்கு உரியவர் என்பது பொருள். துப்பாக்கி வெறும் காவற்கருவியன்று. அது ஒரு தகுதிச் சான்று.

தொண்டை நாட்டுக் கடற்கரைக்குத் துப்பாக்கி புதியதன்று. ‘துப்பாக்கி’ என்னும் சொல்லே துருக்கியச் சொல்லின் அடியாக வந்தது. கோவளத்துக் கோட்டையையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் 1752இல் கிளைவ் கைப்பற்றினான். சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை எழுப்பினர். அக்கடலில் 1782ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் பொருதின. இவையெல்லாம் பீரங்கியின் வரலாறு, நூல்களில் உள்ளது. சட்டைப் பையில் அடங்கும் சிறு துப்பாக்கியின் வரலாறோ வீட்டுப் பெட்டிகளில் உள்ளது. அதனை எழுதுவார் அரியர்.

முத்திரைகள் பேசிய இடங்கள்

இத்தகைய கருவியைப் படிக்க முடியுமா என்னும் ஐயம் எனக்கும் இருந்தது. முடியும் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உள.

இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் படைக்கலப் பள்ளி அருங்காட்சியகத்தில், கருவண்ணம் பூசிய கோல்ட் கைத்துப்பாக்கி ஒன்று பல ஆண்டுகள் பேரற்றுக் கிடந்தது. 2016இல் அவ்வண்ணத்தை அகற்றியபோது 168896 என்னும் எண் வெளிப்பட்டது. லாகூர்ச் சதி வழக்கின் ஆவணங்களில் இருந்த எண்ணும் அதுவே. 1928 டிசம்பர் 17இல் சாண்டர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வில் பகத்சிங் ஏந்திய துப்பாக்கி அதுதான் என இவ்வாறு அறியப்பட்டது. பின்னர் அது பஞ்சாபிலுள்ள உசைனிவாலாவிற்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆறு இலக்கங்கள் ஓர் இரும்புத் துண்டை வரலாற்றுச் சின்னமாக்கின.

நம் மாநிலத்திற்கு வருவோம். 1911 ஜூன் 17இல் மணியாச்சிச் சந்திப்பில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட கருவியைச் ‘சுழல் துப்பாக்கி’ என்று எழுதுவோர் இன்றும் உளர். அது சுழல் துப்பாக்கி அன்று. பெல்ஜிய நாட்டில் செய்த பிரௌனிங் என்னும் தானியங்கிக் கைத்துப்பாக்கி. சுழல் துப்பாக்கியில் தோட்டாக்கள் சுழலும் உருளையின் அறைகளில் இருக்கும். தானியங்கியில் அவை கைப்பிடிக்குள் அடுக்காக இருக்கும். ஒன்று வெடித்ததும் அடுத்தது தானே ஏறும். இவ்வேறுபாட்டை அறியாது எழுதுவது, வெண்பாவை ஆசிரியப்பா என்பதை ஒக்கும்.

செங்கல்பட்டிற்கே உரிய சான்றும் ஒன்று உண்டு. 1967 ஜனவரி 12இல் இராமாவரம் இல்லத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கு, செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடந்தது. எம்.ஆர்.ராதாவும் குண்டுக் காயம் பட்டிருந்தார். யார் யாரைச் சுட்டார் என்பதிலேயே இரு தரப்பும் மாறுபட்டன. ஒவ்வொரு துப்பாக்கிக் குழலும் தன்வழிச் செல்லும் குண்டின்மீது தனக்கே உரிய வரிகளைப் பதிக்கும். மாந்தர் சொல் மாறுபட்ட இடத்தில் இரும்பின் கையெழுத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் ராதாவுக்கு ஏழாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பின்னர்க் குறைக்கப்பட்டது.

எங்கள் துப்பாக்கியைப் படித்தல்

வணிகரின் கடையில் முதிய கைவினைஞர் ஒருவர் இருந்தார். எங்கள் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டபின், அதனைத் துணிமேல் வைத்து உருப்பெருக்காடியை என்னிடம் நீட்டினார். “நீங்களே படிங்கம்மா, எல்லாம் எழுதியிருக்கு” என்றார். சுவடி நூலகத்தில் முதல்நாள் என் ஆசிரியர் சொன்னதும் ஏறத்தாழ அதுவே.

முதலில் உருவம். ஐந்து அறைகள் கொண்ட உருளை. குழல் மிகக் குட்டை. ஆள்காட்டி விரலின் நீளமும் இல்லை. கைப்பிடி கிளியின் அலகுபோல் வளைந்தது. வலப்புறம் ஒரு சிறு கதவு. அதனைத் திறந்து தோட்டாவை ஒவ்வொன்றாக இட வேண்டும். சட்டகம் ஒரே வார்ப்பாக உள்ளது. நடுவில் மடிந்து திறப்பதன்று. நிக்கல் பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. குதிரை என்று நம்மவர் வழங்கும் அடிப்பானின் முனை தேய்ந்திருந்தது. உருளையின் முகப்பில் 320 என்னும் இலக்கம். அது துளையின் அளவு.

அடுத்து எழுத்து. சட்டகத்தின் மேற்பட்டையில் ஆங்கில எழுத்துகளில் ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்றிருந்தது. இவ்வெழுத்தைத்தான் எங்கள் குடும்பம் சான்றாகக் காட்டி வந்தது. “பிரிட்டிஷ் என்றே போட்டிருக்கிறது, வெள்ளைக்காரர் கொடுத்ததுதான்” என்று என் பாட்டனார் சொல்வாராம்.

புல்டாக் என்பது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனம் 1872இல் விற்பனைக்குக் கொணர்ந்த வகை. அந்நிறுவனம் 1868இல் அயர்லாந்துக் காவற்படைக்குச் செய்த துப்பாக்கியின் குறுகிய வடிவம் அது. மேற்சட்டைப் பையில் அடங்கும்படி இரண்டரை அங்குலக் குழலுடன் அமைந்தது. பயணிகளும் அலுவலரும் விரும்பி வாங்கினர். விரும்பப்படும் பாடலுக்குப் படிகள் பெருகுவது போலவே இதற்கும் படிகள் பெருகின. பெல்ஜியம், பிரான்சு, ஸ்பெயின், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பட்டறைகள் அதே வடிவில் செய்து, அதே பெயரைப் பொறித்து, மலிவாக விற்றன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டை 1881 ஜூலை 2இல் சுட்டதும் இவ்வகைத் துப்பாக்கியே; அது பின்னாளில் காணாமற்போயிற்று.

எனவே பெயரைக் கொண்டு பிறப்பை முடிவு செய்தல் இயலாது. ஔவையார் என்னும் பெயரால் பாடியோர் பலர். அகத்தியர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களோ மிகப் பல. பெயர் ஒன்றாயினும் மொழிநடையும் யாப்பும் காலத்தைக் காட்டிக் கொடுக்கும். துப்பாக்கிக்கு அவ்வேலையைச் செய்வது சோதனை முத்திரை. வெப்ளியின் படைப்பாயின் நிறுவனப் பெயரும் ஆங்கிலச் சோதனைச் சாலையின் முத்திரையும் இருத்தல் வேண்டும். எங்கள் துப்பாக்கியில் அவை இல்லை. செய்தவர் பெயரும் இல்லை.

இருந்தது வேறொன்று. உருளையில், எள்ளினும் சற்றே பெரிய நீள்வட்டம். அதனுள் ‘ஈ’, ‘எல்’, ‘ஜி’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள். பெல்ஜிய நாட்டு லியேஜ் நகரத்துச் சோதனைச் சாலையின் முத்திரை அது. பெயர் பிரிட்டிஷ், பிறப்பு பெல்ஜியம். வாஞ்சியின் பிரௌனிங்கைச் செய்த தொழிற்சாலை இருந்த எர்ஸ்டாலும் அந்த லியேஜை அடுத்த ஊரே. ஒரே வட்டாரத்து உலைகளிலிருந்து ஒன்று மணியாச்சிக்கும் ஒன்று எங்கள் சிற்றூருக்கும் வந்து சேர்ந்தன.

இவ்வளவில் கதை இன்னும் வீழ்ந்துவிடவில்லை. ஆங்கிலப் பொறியாளர் ஒருவர் பெல்ஜியப் படியை மலிவாக வாங்கியிருக்கலாம். 1872இல் தோன்றிய வகை 1877இல் கால்வாய்க் கரைக்கு வந்திருக்கவும் கூடும். நான் அவ்வாறே வாதிட்டேன். தாயாரின் முகம் என் கண்முன் இருந்தது. கைவினைஞர் மறுத்துப் பேசவில்லை. ஆடியைச் சற்றே சாய்த்து, நீள்வட்டத்தின் உச்சியைக் காட்டினார். அங்கே கடுகளவில் ஒரு மணிமுடி இருந்தது.

அம்முடிதான் யாவற்றையும் முடிவு செய்தது. லியேஜ் முத்திரையின் நீள்வட்டத்திற்கு முடி சூட்டப்பட்டது 1893இல். அதற்கு முற்பட்டவற்றில் முடி இல்லை. குழலின் அடியில் முடியணிந்த ‘ஆர்’ என்னும் எழுத்தும் இருந்தது. வரியிட்ட குழலுக்கு இடும் அக்குறியும் 1894க்கு உரியது. ஆகவே எங்கள் துப்பாக்கி பஞ்சம் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே பிறந்தது. கால்வாய்க் கரையில் எவர் இடையிலும் அது இருந்திருக்க முடியாது.

கதையின் மதிப்பு

கதை பொய் என்று தள்ளிவிட்டு எழுந்திருப்பது எளிது. ஆனால் மாமல்லபுரக் கடற்கரையில் வளர்ந்தோர்க்கு அது கூடாது. அங்குள்ள கோயில்கள் பலவற்றை நரசிம்மவர்மனுக்கு உரியனவாகக் கூறி வந்த நிலையில், இராசசிம்மனே அவற்றைப் படைத்தான் என்று 1962இல் இரா.நாகசாமி கல்வெட்டுப் பெயர்களைக் கொண்டு வாதிட்டார். அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை. மறுபுறம், கடல் கொண்ட கோயில்கள் என்னும் செவிவழிச் செய்தியைக் கட்டுக்கதை என்றவரும் பலர். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றபோது, சிற்பம் செதுக்கிய பாறைகள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் மண்ணுக்குள் இருந்த முருகன் கோயிலும் அதன்பின் அகழ்ந்து கண்டறியப்பட்டது. செவிவழிச் செய்தியை அப்படியே நம்பலும் பிழை. அப்படியே தள்ளலும் பிழை. பிரித்துப் பார்த்தலே ஆய்வு.

சுவடி படித்தோர் ஒன்றை அறிவர். கயிறு அறுந்து ஏடுகள் சிதறும்போது, எடுத்துக் கோப்பவர் ஒரு நூலின் ஏட்டை மற்றொரு நூலில் சேர்த்துவிடுவதுண்டு. ஒவ்வொரு ஏடும் மெய்யே. கோத்த வரிசைதான் பிழை. எங்கள் கதையிலும் அவ்வாறே நேர்ந்திருக்கலாம். பஞ்சத்தில் பூட்டனார் கஞ்சி வார்த்தது ஓர் ஏடு; துப்பாக்கி வீட்டிற்கு வந்தது வேறோர் ஏடு. இரண்டையும் எவரோ ஒரே கயிற்றில் கோத்தனர். ஏன் கோத்தனர்? அவ்வினாவுக்கு விடை தேடியே மீண்டும் ஊருக்குச் சென்றேன்.

மூன்றாம் சுவடி

அதுவரை நான் இரண்டு சுவடிகளையே ஒப்பிட்டிருந்தேன். ஒன்று குடும்பத்தின் சொல். மற்றொன்று இரும்பின் சொல். மூன்றாவது ஒன்று உண்டு என்பதைத் தாயாரே அறியாமல் உணர்த்தினார். சிறுவயதில் அத்துப்பாக்கியை ஆயுத பூசையன்றி வேறெங்கேனும் கண்டதுண்டா என்று கேட்டேன். “ஏன் இல்லை? அறுப்புக் காலத்தில் அப்பா களத்துக்கு எடுத்துப்போவார். திருட்டு பயம்” என்றார்.

களம் என்றதும் அக்களத்தில் நின்ற மற்றவர் நினைவு எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் பண்ணையாளாய் இருந்தவரின் மகன், எண்பது வயதைக் கடந்தவர், ஊரின் கிழக்கே சேரியில் வாழ்கிறார். அவரைச் சென்று கண்டேன். என்னைத் திண்ணையில் அமர்த்திவிட்டு அவர் நின்றார். “நீங்களும் உட்காருங்க தாத்தா” என்று இருமுறை சொன்ன பின்னரே அமர்ந்தார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“அத்த சுட்டு நாங்க பாத்ததில்லம்மா. கூலி அளக்கிற அன்னிக்கிப் பெரியய்யா அத்தப் பலகை மேல வச்சிக்கினு உக்காந்திருப்பாரு. மரக்கா கொறஞ்சாலும் யாரும் வாயத் தொறக்க மாட்டோம். சுடணும்னு இல்லம்மா. வச்சாலே போதும்.”

அவர் சொல்லில் சினம் இல்லை. அதுவே என்னைத் தாக்கியது.

செங்கல்பட்டின் நில வரலாற்றைக் கற்றோர்க்கு இது வியப்பன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராய் இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துச் சேரி மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மிராசுதாரரிடம் அவர்கள் கட்டுண்டு கிடந்ததையும், குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்று இருந்ததையும் அதில் எடுத்துரைத்தார். அதன் விளைவாக 1892இல் பிறந்த ஆணையே பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்டதற்கு வழிவகுத்தது. அந்நிலங்களை மீட்கக் கோரிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர்.

1892இல் ஆணை, 1893க்குப் பின் பிறந்த துப்பாக்கி. இவ்விரண்டையும் காரண காரியமாகக் கோத்துவிட என் கை துடித்தது. கோக்கலாகாது. அதுவும் ஏடு மாற்றிக் கோக்கும் பிழையே ஆகும். என் முன்னோர் எந்த ஆண்டில், எதற்காக அதனை வாங்கினர் என்பதற்கு இரும்பில் சான்று இல்லை. திருட்டு அச்சம் மெய்யாகவும் இருந்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி களத்துப் பலகையில் இருந்தது என்பதில் இரு சுவடிகளும் ஒத்துப் போகின்றன. பலகைக்கு இப்புறம் அமர்ந்தவர் மகளுக்கு அது காவல். அப்புறம் நின்றவர் மகனுக்கு அது வாய்ப்பூட்டு. பாடபேதம் என்பது இதுவே. இவ்விரண்டில் ஒன்று மட்டுமே எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஓதப்பட்டது.

பதிப்பு

தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முத்திரை, முடி, 1893, பெரியவர் சொல் ஆகிய எதனையும் மறைக்கவில்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்படியானால் கஞ்சி வார்த்ததும் பொய்யா?” என்று கேட்டார்.

அவ்வினாவை நான் எதிர்பார்க்கவில்லை. துப்பாக்கியைப் பற்றியே கவலைப்படுவார் என எண்ணியிருந்தேன். “கஞ்சி வார்த்ததைத் துப்பாக்கி சொல்ல முடியாது அம்மா. அது வேறு ஏடு. அதற்குத் துப்பாக்கி சாட்சியாக வேண்டியதில்லை” என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அப்படியானால் அது இந்த வீட்டில் எதற்கு?” என்றார். வாரிசு உரிமம் கோருவதில்லை என்று அன்றே முடிவாயிற்று. மாமன் மகனும் இசைந்தார்.

உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர் பெருமக்கள், தாம் ஏற்ற பாடத்தை மேலே அச்சிட்டு, தள்ளிய பாடங்களையும் அடிக்குறிப்பில் காத்தனர். நானும் அவ்வாறே செய்துள்ளேன். துப்பாக்கியின் அளவுகள், எழுத்து, முத்திரை, முடி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதினேன். அதன்கீழ்க் குடும்பக் கதையைத் தாயார் சொன்னவாறே எழுதினேன். அதன்கீழ்ப் பெரியவர் சொன்னதை அவர் சொற்களிலேயே, அவர் இசைவுடன், அவர் பெயருடன் எழுதினேன். எழுதியதை அவரிடம் படித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னார். “வாயத் தொறக்க மாட்டோம்னு எழுதினியே, அதுக்குப் பக்கத்துல ‘அப்போ’ன்னு போடும்மா.” போட்டேன்.

வட்டத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லங்களிலும் இத்தகைய பொருள்கள் இருக்கும். வாளாகவோ, மரக்காலாகவோ, செப்புப் பட்டயமாகவோ, பழைய கடிகாரமாகவோ இருக்கலாம். அவற்றைப் பாடுமுன் ஆடி கொண்டு பாருங்கள். பார்த்தபின், அப்பொருளின் மறுபக்கத்தில் நின்றவர் எவரேனும் இன்னும் உயிருடன் உளரா என்று தேடிச் சென்று கேளுங்கள். இரும்பு காத்திருக்கும், எண்பது வயதைக் கடந்தவர் காத்திருக்க இயலாது.

இவ்வாண்டு ஆயுத பூசையன்று எங்கள் பெட்டி வெறுமையாய் இருந்தது. தாயார் அவ்விடத்தில் ஒரு மரக்காலை வைத்துச் சந்தனம் இட்டார். அது நிறைமரக்காலா என்று ஒருமுறை அளந்து பார்த்த பின்னரே வைத்தார்.